மலைப்பாதையில் ஓடும் பழைய ஸ்விஃப்ட்டுக்கு நாமே காயில்ஓவர் செய்து போடலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன் தம்பி. கோத்தகிரியில் இருக்கிறீர்கள். 2008 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட். அரவேனு, குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையத்துக்கு அடிக்கடி இறங்கி ஏறுகிறீர்கள். வளைவில் வண்டி சாய்கிறது, இறக்கத்தில் பிரேக் பிடித்தால் மூக்கு குத்துகிறது. காயில்ஓவர், அதாவது ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங் இருந்து, அது உட்காரும் தட்டைத் திருகி உயரம் மாற்றக்கூடிய செட், ரெடிமேடாக வாங்க விலை கட்டுப்படியாகவில்லை. அதனால் இருக்கிற ஸ்ட்ரட்டில் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக் கூடு) ஸ்பிரிங் உட்காரும் தட்டை அறுத்துவிட்டு, திரெட் வெட்டிய குழாயைச் செருகி வெல்டு வைத்து, கடினமான ஸ்பிரிங் போட்டு, வண்டியை இரண்டு அங்குலம் இறக்கலாமா, எந்த ஸ்பிரிங் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியிருப்பது ஸ்பிரிங் கேள்வி. அதற்குள்ளே இருப்பது, வளைவிலும் இறக்கத்திலும் இந்த வண்டி என் கைக்கு அடங்க என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், செய்யலாம். கணக்கும் அளவெடுப்பும் பொருத்துவதும் நீங்களே செய்யக்கூடியவை. வெல்டிங்கை மட்டும் அந்த வேலையே தொழிலாக வைத்திருப்பவரிடம் விடுங்கள். இரண்டு அங்குலம் இறக்கும் யோசனையை இந்த மலைக்கு விட்டுவிடுங்கள். ஸ்பிரிங்கைத் தேடுவதற்கு முன் ஷாக் அப்சார்பரைத் தேடுங்கள். குன்னூரில் சஸ்பென்ஷன் வேலை பார்ப்பவன் நான், அதற்கு முன் கோவையில் ரேலி வண்டிகளுக்குப் பட்டறை வேலை செய்தவன். என் கையில் வந்தவை பெரும்பாலும் முன் சக்கரம் இழுக்கும் சின்ன கார்கள்தான், உங்களுடையதும் அந்த வகை. ஜீப், பிக்கப் வகைகளுக்கு நான் கீழே சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. 2008 வண்டியில் இன்னும் பழைய ஷாக்தான் இருக்கிறது என்றால் அதன் வேலை எப்போதோ முடிந்திருக்கும். எண்ணெய் கசிவு வெளியே தெரியாமலே உள்ளே வால்வு தேய்ந்து போகும். லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் பிடிக்கும் கை) புஷ், பால் ஜாயிண்ட், ஸ்டெபிலைசர் பாரின் (வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பி) லிங்க் ராட், ஸ்ட்ரட் மேலே இருக்கும் ரப்பர் மவுண்ட் எல்லாவற்றையும் ஆட்டிப் பாருங்கள். லிங்க் ராடில் ஆட்டம் இருந்தால் வளைவில் நுழையும் அந்த முதல் கணத்தில் ஸ்டெபிலைசர் பார் வேலை செய்யாது, நீங்கள் சொல்லும் "திடீர்னு சாயுது" என்ற உணர்வு அப்படியும் வரும். டயர் எத்தனை வருடம் ஆனது என்று அதன் பக்கச் சுவரில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள். இந்த ஊர் மூடுபனியில் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரி. இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே இறங்கினால் அந்தச் சூட்டைத் தொடுவது கஷ்டமே இல்லை. உங்கள் குறையில் பெரும்பகுதி இந்தச் சில்லறை வேலைகளிலேயே தீர்ந்துவிட வாய்ப்பு உண்டு. தீர்ந்த பிறகும் காயில்ஓவர் ஆசை இருந்தால் மேலே படியுங்கள். எனக்கும் அந்த ஆசை புரியும், நம் கையால் செய்த சஸ்பென்ஷனில் மலை இறங்கும் சந்தோஷம் வேறு.

உங்கள் வண்டியின் முன்பக்கம் இப்போதே ஷாக்கைச் சுற்றித்தான் ஸ்பிரிங் இருக்கிறது. மெக்பர்சன் ஸ்ட்ரட் என்று சொல்லும் இந்த வகை எல்லாமே அப்படித்தான். கடையில் காயில்ஓவர் என்று விற்பதில் கூடுதலாக இருப்பது, ஸ்பிரிங் உட்காரும் தட்டைத் திருகி மேலே கீழே நகர்த்தும் வசதியும், அந்த ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக்கும். திரெட் குழாய் மட்டும் போட்டால் முதலாவது கிடைக்கும், இரண்டாவது கிடைக்காது. இன்னொன்றும் பலர் தவறாக நம்புகிறார்கள். தட்டை மேலே திருகினால் ஸ்பிரிங் கடினமாகும் என்பார்கள். ஒரே சீரான சுருள் உள்ள ஸ்பிரிங்கில் அது நடக்காது. வண்டி உயரும், அவ்வளவுதான். சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும் ஸ்பிரிங் அமுங்கியே இருக்கும்படி திருகினால் மட்டும், நகர ஆரம்பிக்கத் தேவையான முதல் விசை கூடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அதே பழைய கடினம்தான்.

இனி கணக்கு. முதலில் வண்டியின் எடை வேண்டும். மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிப் பக்கம் லாரி எடை மேடைகள் இருக்கின்றன. கூட்டம் இல்லாத நேரம் போய், முன் சக்கரம் இரண்டை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, பின் சக்கரம் மட்டும் ஏற்றி ஒரு எடை வாங்குங்கள். நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும், டேங்க் பாதி இருக்கட்டும். லாரி மேடை ஐந்து பத்து கிலோ முன்னே பின்னே காட்டும், நம் வேலைக்குப் போதும். முன்பக்கம் 580 கிலோ வந்தது என்று வையுங்கள். ஒரு சக்கரத்துக்கு 290. அதில் சக்கரம், டிஸ்க், காலிப்பர், நக்கிள் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை, 40 கிலோ கழித்தால் ஸ்பிரிங் தாங்குவது 250 கிலோ.

ஸ்பிரிங் கடினத்தை நேரடியாக எண்ணாகப் பிடிப்பதைவிட, வண்டி ஒரு நொடிக்கு எத்தனை தடவை ஆடும் என்ற அதிர்வெண்ணில் பிடிப்பது நல்லது. வீட்டுக் கார்கள் பொதுவாக 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ். சாலையில் ஓடும் விறைப்பான கார்கள் 1.5 முதல் 2 வரை. அதற்கு மேல் போனால் சமதளமான பந்தயத் தடத்துக்குத்தான் சரி. 250 கிலோவுக்கு 1.3 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 16.7 நியூட்டன், 1.7 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் 28 நியூட்டன். கடைக்காரர்கள் கிலோ கணக்கில் சொல்வார்கள், 28 நியூட்டன் என்பது மில்லிமீட்டருக்குச் சுமார் 2.9 கிலோ. "6 கிலோ ஸ்பிரிங் போடு, வண்டி பாறை மாதிரி நிற்கும்" என்று யாராவது சொன்னால் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள், 2.4 ஹெர்ட்ஸ் வரும். மழைக்குப் பிறகு கோத்தகிரி ரோட்டில் அந்த வண்டியின் டயர் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் தரையைவிட்டு எழும்பப் பார்க்கும். டயர் தரையில் இல்லாவிட்டால் பிடிமானமும் இல்லை.

மூக்கு குத்துவதற்கும் இதே கணக்கு உதவும். 1000 கிலோ வண்டி, சக்கரங்களுக்கு இடையே 2.4 மீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் என்று வையுங்கள். பத்துக்கு ஒன்று இறக்கத்தில் சும்மா நின்றாலே 23 கிலோ பின்னாலிருந்து முன்னால் வந்துவிடும். கொண்டை ஊசி வளைவுக்கு முன் கொஞ்சம் அழுத்திப் பிரேக் பிடித்தால், அதாவது புவியீர்ப்பில் 0.4 பங்கு, இன்னும் 92 கிலோ முன்னால் வரும். மொத்தம் 115, ஒரு பக்கத்துக்கு 57 சொச்சம். 16.7 நியூட்டன் ஸ்பிரிங் இதில் 34 மில்லிமீட்டர் அமுங்கும், 28 நியூட்டன் ஸ்பிரிங் 20 மில்லிமீட்டர். ஆர்ம் அமைப்பு இதில் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும், அதை இங்கே விட்டுவிட்டேன். எத்தனை அமுங்கும் என்பதை ஸ்பிரிங் முடிவு செய்கிறது. எவ்வளவு வேகமாக அமுங்கும், திரும்பி வந்து எத்தனை முறை ஆடும் என்பதை ஷாக் முடிவு செய்கிறது. ஓட்டுகிறவருக்கு பயம் கொடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

அதனால்தான் ஷாக்கை முதலில் பாருங்கள் என்றேன். தணிப்பின் அளவை ஒரு விகிதமாகச் சொல்வார்கள். 1 என்றால் ஒரு ஆட்டமும் இல்லாமல் வந்து நிற்கும். வீட்டுக் கார்களில் 0.3 சுற்றி இருக்கும். ஸ்பிரிங்கை மட்டும் 16.7இலிருந்து 28க்கு மாற்றி, ஷாக்கை அப்படியே விட்டால் அந்த 0.3 என்பது 0.23 ஆகிவிடும். ஸ்பிரிங் கடினமான வண்டி, ஆனால் முன்பைவிட அதிகமாகத் துள்ளும். இடது வளைவிலிருந்து உடனே வலது வளைவுக்குத் திரும்பும் இடத்தில் முதல் சாய்வு அடங்குவதற்குள் இரண்டாவது வந்து சேரும். பழைய நிலைக்குக் கொண்டுவரவே ஷாக்கின் விசை, குறிப்பாக விரியும்போது உள்ள விசை, 30 சதவீதம் கூட வேண்டும். புதிதாக அதே கம்பெனி ஷாக் போட்டாலும் இந்த 30 சதவீதம் வராது. பிரித்து வால்வு மாற்றக்கூடிய ஷாக்கோ, குமிழ் திருகித் தணிப்பை மாற்றும் ஷாக்கோ வேண்டும். உங்கள் பட்ஜெட்டில் பெரிய பங்கு இங்கே போகட்டும், ஸ்பிரிங்கும் திரெட் குழாயும் அதற்குப் பக்கத்தில் மலிவுதான். நல்ல ஷாக் கிடைக்கவில்லை என்றால் ஸ்பிரிங்கையும் மாற்றாதீர்கள். அது என் தீர்மானமான கருத்து.

அடுத்து ஸ்பிரிங்கின் நீளம், இங்கேதான் கைவேலை செய்கிறவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 250 கிலோ என்பது 2450 நியூட்டன். 28 நியூட்டன் ஸ்பிரிங் அந்த எடைக்கு 87 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கும். 8 அங்குல ஸ்பிரிங் வாங்கினால் 203இல் 87 போக 116 மிச்சம். சுருள் எல்லாம் ஒன்றோடொன்று முட்டும்போது உள்ள உயரம் 75 என்று வைத்தால், இனி மேலே போக 41 மில்லிமீட்டர்தான். அது ஒரு பள்ளத்துக்குக் கூடக் காணாது. சுருள் முட்டினால் அந்த அடி நேராக ஸ்ட்ரட் மேல்கூட்டுக்குப் போகும். 10 அங்குல ஸ்பிரிங் என்றால் 254இல் 87 போக 167, முட்டும் உயரம் 90 என்றால் 77 கிடைக்கும். பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பு அதற்கு முன்பே தொட்டு மெதுவாக நிறுத்த வேண்டும், ஷாக்கின் உள்ளே பிஸ்டன் அடியில் இடிப்பதற்கும் முன்பாக. எனவே ஒரு ஸ்பிரிங்கை வாங்கும்போது கடினம், நீளம், முட்டும் உயரம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். மூன்றாவதைச் சொல்லத் தெரியாத கடையில் கம்பியின் தடிமனைச் சுருள் எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மறு திசையையும் பாருங்கள். சக்கரம் தொங்கும்போது ஷாக் 100 மில்லிமீட்டர் விரியும் என்றால், 87 அமுங்கியிருந்த ஸ்பிரிங் 13 மில்லிமீட்டர் தளர்ந்து தட்டைவிட்டு எழும்பும். இறுக்கமான கொண்டை ஊசியில் உள்பக்கச் சக்கரம் இலேசாவது நம் ஊரில் சகஜம். எழும்பிய ஸ்பிரிங் திரும்பி உட்காரும்போது சரியான இடத்தில் உட்காரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இதற்குத்தான் பட்டைக் கம்பியில் செய்த ஹெல்பர் ஸ்பிரிங் என்ற மெல்லிய ஒன்றை மேலே சேர்ப்பார்கள். அதற்கு வலுவெல்லாம் கிடையாது, பெரிய ஸ்பிரிங்கை இடத்தில் பிடித்து வைப்பதே அதன் வேலை. முட்டிய நிலையில் அது எடுக்கும் உயரத்தையும் உங்கள் நீளக் கணக்கில் சேருங்கள்.

உள்ளூரில் ஸ்பிரிங் சுற்றித் தருகிறேன் என்பவர்கள் கோவையில் இருக்கிறார்கள், நல்ல வேலைக்காரர்களும் உண்டு. ஆனால் கம்பியின் தடிமன் நாலாம் மடங்காக வேலை செய்யும் என்பதை மறக்காதீர்கள். 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 13 போட்டால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும், 38 சதவீதம் கடினமாகிவிடும். "ஒரு மில்லிமீட்டர்தானே" என்று சொல்ல முடியாத இடம் இது. கைக்கு வந்த ஸ்பிரிங்கை பிரஸ்ஸில் வைத்து, எவ்வளவு எடைக்கு எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து பார்த்துத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். பழைய ஸ்பிரிங்கை கேஸ் கட்டரால் அறுத்துக் குட்டையாக்கும் வழியைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும், அங்கேதான் பிறகு ஒடியும்.

இரண்டு அங்குலம் ஏன் கூடாது என்று கேட்பீர்கள். வண்டி நேராக நிற்கும்போது லோயர் ஆர்ம் வெளிப்பக்கம் கொஞ்சம் கீழே சரிந்திருக்கும், அல்லது ஏறக்குறையப் படுக்கையாக இருக்கும். 50 மில்லிமீட்டர் இறக்கினால் அது தலைகீழாக, வெளிப்பக்கம் மேலே நோக்கிச் சரியும். அப்போது வண்டி சாயும்போது சுழலும் மையம், வண்டியின் எடை மையம் இறங்கியதைவிட அதிகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் கூடுவதால், சாய்க்கும் விசைக்கு நெம்புகோல் நீளமாகிறது. சாய்வைக் குறைக்க இறக்கினீர்கள், இறக்கியதாலேயே சாய்வு கூடும். கூடவே, வெளிச் சக்கரம் அமுங்கும்போது உள்பக்கமாகச் சாய்ந்து டயரைத் தட்டையாக வைத்திருக்கும் குணமும் போய்விடும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் ஆர்மின் கோணமும் ஒத்துப்போகாததால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாக இழுக்கும். வலதுபக்கம் சுவர், இடதுபக்கம் சரிவு என்று இருக்கும் ரோட்டில் அந்த இழுப்பு வேண்டாம். இருக்கும் உயரத்தையே வைத்துக்கொள்ளுங்கள், மிஞ்சிப் போனால் 15, 20 மில்லிமீட்டர். திரெட் குழாயின் உண்மையான பயன், நாலு மூலையிலும் உயரத்தைச் சரிசெய்து வைக்க முடிவதுதான்.

வெளியே அதிகம் பேசப்படாத ஒரு விஷயம். கம்பெனி ஸ்ட்ரட்டை உற்றுப் பார்த்தால் ஸ்பிரிங், ஷாக் தண்டின் அச்சிலிருந்து கொஞ்சம் விலகிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். அது வேலைக் குறைபாடு இல்லை. மெக்பர்சன் அமைப்பில் சக்கரத்தின் வழியே வரும் வண்டியின் எடை ஸ்ட்ரட்டைப் பக்கவாட்டில் வளைக்கப் பார்க்கும், ஸ்பிரிங்கின் அந்தச் சாய்வு அதை எதிர்த்துத் தள்ளும். நாம் போடும் நேரான 2.5 அங்குல ஸ்பிரிங் அச்சோடு அச்சாக நிற்பதால் இந்த உதவி போய்விடுகிறது. பிஸ்டன் தண்டு புஷ்ஷில் உரசும், சின்ன மேடு பள்ளங்களில் ஷாக் ஒட்டிக்கொண்டு நகராதது போல் இருக்கும், எண்ணெய் சீலும் சீக்கிரம் தேயும். ரேலி வண்டிகளில் தலைகீழாகத் திருப்பிய தடித்த தண்டு ஷாக் போடுவது இதற்காகத்தான். உங்கள் செட்டில் இதை முழுக்கத் தவிர்க்க வழியில்லை, எனவே சீலை அடிக்கடி பார்க்கும் பழக்கம் வேண்டும்.

மேல்பக்கம் சின்ன விட்டமுள்ள ஸ்பிரிங்குக்கு ஒரு தொப்பி லேத்தில் கடைந்து கொள்ள வேண்டும். அந்தத் தொப்பிக்கும் மவுண்டுக்கும் நடுவே பேரிங் கட்டாயம். ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்பிரிங் கூடவே திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் முறுக்கிக்கொண்டு டிங் டிங் என்று சத்தம் போட்டு விடுபடும், ஸ்டியரிங்கும் நடுவுக்குத் திரும்பாது. ரப்பருக்குப் பதில் இரும்பு உருண்டை மவுண்ட் போடச் சொல்வார்கள். மழை, சேறு, தேயிலைத் தோட்ட மண்சாலை எல்லாம் பார்க்கும் வண்டிக்கு ரப்பர் மவுண்டே நல்லது.

வெல்டிங். கேஸ் அடைத்த ஷாக்கின் மேல் எக்காரணத்துக்கும் வெல்டு வைக்காதீர்கள், அறுக்கவும் செய்யாதீர்கள். உள்ளே அழுத்தமும் எண்ணெயும் இருக்கிறது, வெடித்தால் உயிருக்கே ஆபத்து. உள்ளே இருக்கும் ஷாக் பகுதியை, அதாவது கார்ட்ரிட்ஜை, கழற்றக்கூடிய ஸ்ட்ரட்டாக இருந்தால் வெற்றுக் கூட்டை மட்டும் எடுத்துப் போகலாம். சீல் செய்த ஸ்ட்ரட்டைக் காலி செய்து கார்ட்ரிட்ஜ் போடும்படி மாற்றுவது தனி வேலை, அதைச் செய்து பழகிய பட்டறை கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் தேடினால் கிடைக்கும். பந்தயக் கார் கட்டிய கரிவரதனின் ஊர் அது. செட்டிபாளையத்தில் அவர் பெயரிலேயே பந்தயத் தடம் இருக்கிறது, அந்தத் தடத்தைச் சுற்றி வளர்ந்த கைகள் அந்த ஊரில் நிறைய. திரெட் குழாய் எடையைத் தாங்கும் விதமும் முக்கியம். ஸ்ட்ரட் கூட்டைச் சுற்றித் தடித்த வளையம் ஒன்றை வெல்டு செய்து, அதன் மேல் குழாய் உட்கார வேண்டும். குழாயைக் கூட்டோடு ஓரத்தில் மட்டும் ஒட்டி, முழு எடையையும் அந்த ஓர வெல்டு தாங்கும்படி விடக்கூடாது. வேலை முடிந்ததும் சாயம் ஊடுருவும் ஸ்பிரே அடித்து விரிசல் பாருங்கள், அதற்குப் பிறகே பெயிண்ட்.

பின்பக்கம் உங்கள் வண்டியில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அங்கே காயில்ஓவர் என்று ஷாக்கின் மேல் ஸ்பிரிங்கை ஏற்றாதீர்கள். ஷாக்கின் மேல் போல்ட்டும் அதைப் பிடித்திருக்கும் தகடும் ஷாக்கின் விசைக்குச் செய்தவை, வண்டியின் எடையைத் தாங்கச் செய்தவை அல்ல. ஸ்பிரிங் இருக்கும் இடத்திலேயே உயரம் மாற்றும் தட்டு வைக்கலாம். ஸ்பிரிங் சக்கரத்தை விட உள்ளே தள்ளி இருந்தால் அந்த விகிதத்தின் வர்க்கம் கணக்கில் வரும். சக்கரம் 10 மில்லிமீட்டர் நகரும்போது ஸ்பிரிங் 8 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால், சக்கரத்தில் உணரும் கடினம் ஸ்பிரிங்கின் 64 சதவீதம். பின்பக்கத்தை அதிகம் கடினமாக்கினால் வண்டி சுலபமாகத் திரும்பும் என்பது உண்மை. ஆனால் யூகலிப்டஸ் இலை நனைந்து கிடக்கும் இறக்க வளைவில், பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த நொடியில் பின்பக்கம் வெளியே போகும் என்பதும் அதே அளவு உண்மை. எனவே பின்னால் ஸ்பிரிங்கை விட்டுவிட்டு நல்ல ஷாக் மட்டும் போடுங்கள் என்பது என் யோசனை. வீட்டு ஆட்களும் சாமானும் ஏறும் வண்டி அது.

பொருத்தும்போது நம் மலைக்கே உரிய தொல்லை, சமமான தரை கிடைக்காதது. உயரம் அளப்பதற்குக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலைக் கடன் வாங்குங்கள். நாலு டயர் நிற்கும் இடத்தையும் ஒரே மட்டத்துக்குப் பலகை, தகடு வைத்துக் கொண்டுவாருங்கள். வீல் ஆர்ச் விளிம்பு அடி வாங்கி வளைந்திருக்கலாம் என்பதால், சக்கரத்தின் நடுவிலிருந்து ஆர்ச் வரை அளப்பதோடு அடிச்சட்டத்தின் ஜாக்கி வைக்கும் இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். சரிவான முற்றத்தில் ஜாக்கி மட்டும் வைத்துக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்டும் சக்கரத்துக்குக் கட்டையும் வேண்டும். ஸ்பிரிங் போடாமல் ஸ்ட்ரட்டை மாட்டி, சக்கரத்தை ஜாக்கியால் முழுக்க மேலே ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பி, டயர் எங்கே உரசுகிறது, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, டிரைவ் ஷாஃப்ட் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த அரை நாள் வேலையைத் தவிர்க்கவே கூடாது. ஆர்ம் புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பிறகு வீல் அலைன்மெண்ட், அதுவும் கேம்பரையும் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) அளந்து சொல்லும் இடத்தில்.

எவ்வளவு தூரம் அமுங்குகிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. ஷாக் தண்டில் மெல்லிய பிளாஸ்டிக் டை ஒன்றை இலேசாகக் கட்டி, அடியில் தள்ளிவிட்டு மேட்டுப்பாளையம் வரை ஒருமுறை இறங்கி வாருங்கள். டை எங்கே தள்ளப்பட்டு நிற்கிறதோ அதுவரை சஸ்பென்ஷன் போயிருக்கிறது. பம்ப் ஸ்டாப்பை அது தினமும் முழுக்கத் தொடுகிறது என்றால் ஸ்பிரிங்கோ உயரமோ தவறு. பாதி தூரம் கூடப் போகவில்லை என்றால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கடினம். தணிப்புக் குமிழைத் திருகுவதாக இருந்தால், கோத்தகிரிக் குளிரில் காலை வேளையில் திருகி முடிவு செய்யாதீர்கள். குளிரில் ஷாக் எண்ணெய் கெட்டியாக இருக்கும், கீழே வெயிலில் தளரும். இரண்டு இடத்திலும் ஓட்டிப் பார்த்து நடுவில் வையுங்கள். அலுமினியக் குழாயை இரும்புக் கூட்டில் செருகினால் நடுவில் ஈரம் நின்று அரித்து, இரண்டு மழைக்குப் பிறகு தட்டு திருகவே வராது. இரும்புக் குழாய் போடுங்கள், அல்லது இடையில் கிரீஸ் நிறையப் பூசித் துணி உறை மாட்டுங்கள்.

இதுவரை சொன்னதில் கணக்குகள் உறுதியானவை, உங்கள் எடையைப் போட்டு நீங்களே சரிபார்க்கலாம். இறக்கினால் வரும் கேடும், கேஸ் ஷாக்கில் வெல்டு வைக்கும் ஆபத்தும் அதே அளவு உறுதி. ஸ்பிரிங்குக்கு 28 நியூட்டன் என்பது என் தீர்ப்பு. இன்னொரு அனுபவசாலி 24 என்பார், அவரும் தவறில்லை, நீளக் கணக்கு மட்டும் மாறும். உறுதி குறைவான இடம் ஷாக்கின் வால்வு. விசையை அளக்கும் இயந்திரத்தில் வைக்காமல் 30 சதவீதம் கூட்டிவிட்டேன் என்று யார் சொன்னாலும், நான் சொன்னாலும், அது கை உணர்வில் சொல்வதுதான். அதே போல, கையால் செய்த செட் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வெல்டையும் திரெட்டையும் ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

சட்டம் என் துறை இல்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தித் தீர்ப்புச் சொன்னது. சஸ்பென்ஷன் வேலை இதில் எந்த அளவு சிக்கும் என்பது பார்க்கிற அதிகாரியின் விளக்கத்தைப் பொறுத்தது. உங்கள் 2008 வண்டி 15 வருடம் முடிந்து மறுபதிவு ஆகியிருக்கும், அடுத்த ஐந்து வருட முடிவில் மறுபடி ஆய்வுக்குப் போக வேண்டும். எனவே வேலையைத் தொடங்கும் முன் ஊட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்குங்கள். கழற்றிய பழைய ஸ்ட்ரட், ஸ்பிரிங் எதையும் காயலான் கடைக்குப் போட வேண்டாம், எண்ணெய் பூசிச் சாக்கில் கட்டி வையுங்கள்.

முதலில் லிங்க் ராட், புஷ், ஷாக், டயர் நான்கையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் எடை மேடைச் சீட்டில் வந்த இரண்டு எண்கள், ஸ்ட்ரட் கூட்டின் வெளி விட்டம், ஷாக் முழுக்க விரிந்தபோதும் முழுக்க அமுங்கியபோதும் உள்ள நீளம், வண்டி நிற்கும்போது உள்ள நீளம், இந்த ஆறு எண்களையும் இங்கேயே போடுங்கள். ஸ்பிரிங் நீளமும், வளையத்தை எந்த உயரத்தில் வெல்டு செய்வது என்பதும் கணக்குப் போட்டுத் தருகிறேன்.